யமகண்டத்தில் ஏறிய விமானம்

திருமயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செவந்தி விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் மேகம், மூடுபனி, காற்றழுத்தம் என்று எதைக் கேட்டாலும் சளைக்காமல் பதில் சொல்வாள். பட்டா நகல் எடுக்க வருகிறவர்களுக்கு இந்த ஞானத்தால் காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை என்பது வேறு விஷயம்.

எல்லாம் தம்பி ரகுநாத்தால் வந்தது. வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தவன், வானிலைப் பரீட்சையில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டான். மூன்றாவது முறைக்கு அக்காவிடம் புத்தகத்தை அனுப்பி, தினமும் சாயங்காலம் போனில் கேள்வி கேட்கச் சொன்னான். அந்த மூன்று மாதமும் ஆறரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் கேட்பாள், அவன் உளறுவான்.

பனிநிலை என்ற பாடம் வந்ததும் அவன் படுத்துவிட்டான். காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராகுமோ, அந்த அளவுதான் பனிநிலை. வெப்பநிலை இறங்கி அதைத் தொட்டால் மூடுபனி. இதைப் புத்தகம் நாலு பக்கத்துக்கு இழுத்திருந்தது.

“மழை பெய்யாத அன்னைக்கும் என் பேப்பர் ஈரம் குடிச்சு மிஷின்ல சிக்குதுல்ல, அந்த ஈரந்தான்டா” என்றாள் செவந்தி. “காத்துக்குள்ளயே இருக்கு, கண்ணுக்குத் தெரியல. குளுந்தா வெளிய வந்துரும்.”

அதன்பிறகு அவன் மறக்கவில்லை. விமானக்காரர்களின் தாள்களில் நேரமும் நம் கடிகாரப்படி இருக்காது, உலகப் பொது நேரப்படி இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். அந்தக் கணக்கையும் செவந்தி விரல் மடக்காமல் போடப் பழகியிருந்தாள்.

ரகுநாத் பாஸானான். தை மாதம் ஒரு திங்கட்கிழமை, முதல்முறையாக யார் துணையும் இல்லாமல் பக்கத்து ஊர் விமானத்தளத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். பதினோரு மணிக்கு என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய ஆத்தா அழகி தினசரி காலண்டரைப் பார்த்தாள். பத்தரையிலிருந்து பன்னிரண்டு யமகண்டம். அவ்வளவுதான், சோறு தண்ணி இறங்கவில்லை. செவந்தியும் சேர்ந்துகொண்டு தம்பியை நச்சரித்து, கூடப் படிக்கிறவனிடம் கெஞ்சி ஏழு மணிக்கு மாற்றிக்கொள்ள வைத்தாள். அது நல்ல நேரம்.

அன்று காலை ஆத்தா பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தப் போயிருந்தபோது போன் வந்தது. வெப்பநிலை ஒன்பது, பனிநிலை எட்டு, வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறது, காற்றே இல்லை என்றான் ரகுநாத். பயிற்சியாளர் முடிவை அவனையே சொல்லச் சொல்லியிருந்தார்.

“நேரம் நீதானக்கா குறிச்சுக் குடுத்த. கெளம்பட்டுமா?”

தெளிந்த வானம், அசையாத காற்று, ஒரே ஒரு டிகிரி. விடிகிற நேரத்தில்தான் பனி கெட்டியாக இறங்கும் என்று எத்தனை சாயங்காலம் செவந்தியே வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவனை அந்த நேரத்துக்குள் பிடித்துத் தள்ளியதும் அவள்தான். தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“போகாத தம்பி. திரும்ப மாத்திக்கிட்டு யமகண்டத்துலயே போ.”

“ஆத்தாட்ட என்ன சொல்லுவ?”

“அத நான் பாத்துக்கிறேன்.”

ஏழே காலுக்கு அவன் ஒரு படம் அனுப்பினான். பக்கத்தில் நின்று எடுத்தும் மூடுபனியில் விமானத்தின் இறக்கை நுனி தெரியவில்லை. கோயிலிலிருந்து திரும்பிய ஆத்தாவிடம், கிளம்பிவிட்டான் என்று செவந்தி பொய் சொன்னாள். பனி விலகி அவன் உண்மையில் ஏறியபோது மணி பதினொன்று ஐந்து. அவன் இறங்கிக் கூப்பிடுவதற்குள் அவள் யாருடைய ரேஷன் கார்டையோ ஒன்பது நகல் எடுத்திருந்தாள்.

சாயங்காலம் பயண விவரத் தாளை அனுப்பினான். செவந்தி பிரிண்ட் போட்டு ஆத்தாவிடம் கொடுத்தாள். ஆத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களைத் தடவினாள். புறப்பட்ட நேரம் 05:35 என்றிருந்தது.

“ஏழு மணிக்குக்கூட இல்ல, பிரம்ம முகூர்த்தத்துலயே ஏறியிருக்கான் எம்புள்ள” என்றாள். கண் கலங்கியிருந்தது. செவந்தி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ரகுநாத் இப்போது நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு பறக்கிறான். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்பதோடு வைத்துவிடுகிறான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறரை மணி ஆனால் ஷட்டர் பக்கம் போகிற கையைத்தான் செவந்தியால் இன்னும் நிறுத்த முடியவில்லை.

அந்தத் தாள் சந்தனப் பொட்டோடு சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஆத்தா அந்த 05:35-ஐத் தொட்டுக் காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் செவந்தி மனசுக்குள் ஐந்தரை மணி கூட்டிக்கொள்வாள். “அடுத்த கேள்வி கேளுக்கா” என்று அவன் குரல் அப்போதுதான் கேட்கும்.