பொய் நோயாளிக்கான ஐந்தாவது விதி

"பயிற்சியின்போது, நோயாளியாக நடிப்பவருக்கு உண்மையிலேயே உடம்பு முடியாமல் போனால், அவர் 'அஸ்லி' என்று இரண்டு முறை சொல்ல வேண்டும். உடனே எல்லாம் நிறுத்தப்படும்." ஐந்தாவது விதி. அஸ்லி என்றால் இந்தியில் நிஜம். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இது சென்ற ஜூன் மாதம், புணேயின் நிக்டி பகுதியில் எங்கள் வீட்டருகே உள்ள மருத்துவமனையில் நடந்தது. இளம் டாக்டர்கள் நெருக்கடியில் பதறாமல் வேலை செய்யப் பழக, பொய் நோயாளியை வைத்துத் தேர்வு நடத்தினார்கள். நான் ஓய்வுபெற்ற ஆய்வு அதிகாரி. நிஜமாகவே பயிற்சியா, போட்டோவுக்கா என்று பார்த்துவிடலாமென நோயாளி வேடத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

வேடம், நெஞ்சுவலி. ஒன்பது மணிக்கு என்றார்கள்; பதினொன்றுக்குத் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை போட்டிருந்தேன், சாப்பிடவில்லை.

தேர்வுக்கு வந்த டாக்டர் இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண். நாடி பார்க்கக் கையைப் பிடித்தவர் நிறுத்தினார்.

"அங்கிள், கை ஏன் இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?"

"நடிக்கிறேன்."

"வேர்வைய நடிக்க முடியாது அங்கிள்." திரும்பி, "அஸ்லி, அஸ்லி" என்றார்.

அதற்குள் அவர் செய்த இரண்டு தவறுகள் என் கண்ணிலேயே பட்டிருந்தன. தேர்விலிருந்து நழுவப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"அதை நான்தான் சொல்லணும். ஐந்தாவது விதியைப் படிங்க."

மேற்பார்வை பார்த்த மூத்த டாக்டரும் என்னை நம்பி, தொடரச் சொன்னார். அந்தப் பெண் கேட்கவில்லை. என் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அளவைக் கண்டதும் குளுக்கோஸ் கரைத்து வாயில் வைத்தார். விதியைச் சொல்லிக்கொண்டே குடித்தேனாம். எனக்கு நினைவில்லை.

சர்க்கரை இறங்கினால் சிலர் காரணமில்லாமல் சண்டை போடுவார்கள் என்று பிறகு விளக்கினார்.

"அப்ப இவருக்கு நாப்பது வருஷமா இறங்கித்தான் இருக்கு" என்றாள், தகவல் கேட்டு வந்திருந்த என் மனைவி.

அந்தப் பெண்ணின் மதிப்பீட்டுத் தாளில், 'அதிகாரமின்றிப் பயிற்சியை நிறுத்தினார். தேர்ச்சியில்லை' என்று எழுதியிருந்தது. விதிப்படி சரிதான். விதியை எடுத்துக் கொடுத்தவனே நான்தானே. சாட்சிக் கையெழுத்து கேட்டார்கள், மறுத்தேன். மயங்கப் போகிறவனே தன் மயக்கத்தை அறிவிக்க வேண்டுமா என்று கேட்டு மருத்துவமனைக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன்.

என் உடம்பைப் பற்றி என் வாய் சொல்வதை நம்பக் கூடாது என்பது, எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது யாராவது கையைத் தொட்டுப் பார்த்தால் வாதாடுவதில்லை. அந்தப் பெண் தேறியதாகவும், இனி அறையில் இருக்கும் எவரும் 'அஸ்லி' சொல்லலாம் என்றும் பதில் வந்தது, செப்டம்பரில், கணபதி விசர்ஜனத்துக்கு மறுநாள்.