பந்தலைத் தின்ற பசு

என் மகள் கல்யாணத்தை இங்கே பர்மாவில், கியாக்தான் ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து மாட்டுப் பண்ணையில், திறந்தவெளியில் வைத்தோம். பட்டணத்து இன்சீன்காரரான சம்பந்தியம்மாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. "மாட்டுக் கொட்டாயிலயா என் மவனுக்குக் கல்யாணம்?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஆசைப்பட்டு முதல்நாளே பந்தல் வாசலில் வாழைமரம் கட்டினேன். மாடுகள் இருக்கும் இடம் என்பது புத்தியில் உறைக்கவில்லை. விடிந்து பார்த்தால், கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்த ஒரு பசு, ஒரு பக்கத்து வாழையைத் தின்று முடித்து, மாவிலைத் தோரணத்தை மென்றுகொண்டு நிற்கிறது! அதே நேரம் மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸும் வந்து நின்றது.

"அபசகுனம்! பஸ்ஸைத் திருப்புங்க" என்றார் சம்பந்தியம்மா. எனக்கு உயிரே போய்விட்டது.

பண்ணைக்காரர், பர்மியரான ஊ டின், கம்போடு ஓடிவந்தார். எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! அடிக்க வேண்டாம் என்று அவரிடம் பர்மியில் கத்திவிட்டு, பசுவின் நெற்றியில் குங்குமம் வைத்தேன்.

"சம்பந்தியம்மா, கூப்பிடாமலே மகாலட்சுமி வந்து முதல் பந்தியில உக்காந்துட்டா. நாம திரும்பிப் போகலாமா?"

ஒவ்வொருவராக இறங்கிப் பசுவைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கடைசியில் அவரும் கும்பிட்டார். அந்தப் பசு பார்க்கத்தான் தாலி ஏறியது.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணமானாலும் முகூர்த்தத்துக்குச் சற்று முன்புதான் வாழைமரம் கட்டுகிறேன். சென்ற மாதம் பட்டணத்துக்குள்ளேயே, தின்கன்ஜூன் மண்டபத்தில் சம்பந்தியம்மாவின் இளைய மகனுக்குக் கல்யாணம். நான் வாழைமரம் கட்டி முடித்ததும் அவர் என் காதோடு கேட்டார்:

"ஏன் சம்பந்தி, இங்க ஒரு பசு கெடைக்காதா?"