என் கையால் கட்டிய சம்ப்பிங்

எங்கள் பள்ளியில் பரிசளிப்பு விழா என்றால், அதே பத்துப் பிள்ளைகள் மேடையில் ஏறி இறங்கியே களைத்துப் போவார்கள். பள்ளியில் மொத்தமே முப்பத்தொரு மாணவர்கள். ஓட்டப் பந்தயத்திலும் அவர்கள்தான், சதுரங்கத்திலும் அவர்கள்தான், கதை சொல்லும் போட்டியிலும் அவர்கள்தான். ஒரு வருடம் ஒரு பெண் நான்காவது முறையாகப் படியிறங்கப் போனபோது, தலைமையாசிரியை மைக்கிலேயே, "நீ அங்கேயே நில்லும்மா, அடுத்ததும் உனக்குத்தான்" என்றார். நான் பின் வரிசையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். பத்துப் பேர் ஓடி ஒருவன் முதலாவதாக வருவதற்கு இவ்வளவு கைத்தட்டலா என்று எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. அந்தப் பத்தில் என் மகனும் ஒருவன். அதனால் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், திகாம் பத்துவிலிருந்து உள்ளே போகும் சாலையில், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டத்தில் இருக்கிறது அந்தத் தமிழ்ப்பள்ளி. நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். காலை ஷிப்ட் என்றால் பையன் எழுவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். பள்ளியில் நடப்பதெல்லாம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்குத் தெரியும். யாராவது எதிலாவது ஜெயித்துவிட்டால் பள்ளி வாசலில் பேனர் கட்டிவிடுவார்கள். சின்னப் பள்ளி, ஆள் சேர வேண்டுமே. அதையும் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மோட்டாரை மெதுவாக்கி என் மகன் படம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அவன் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, மலாய்மொழி ஆசிரியை மேல் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரையும் சேர்த்து, மாவட்டப் போட்டிக்காக ஒரு டிக்கிர் பாராட் குழு அமைத்தார். அது மலாய்க்காரர்களின் பாட்டு. ஒன்பது பேர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைதட்டி, உடம்பை ஆட்டிப் பின்பாட்டுப் பாடுவார்கள். ஒருவன் முன்னால் நின்று பாடுவான். பாடம் பண்ணிய வரிகளோடு, மேடையில் நின்றபடியே சொந்தமாக இரண்டு வரி கட்டிப் பாடவும் வேண்டும். அந்த ஒருவன் என் மகன். வீட்டில் சாப்பாடு தாமதமானால் அதையே பாட்டாகப் பாடி என்னைக் கடுப்பேற்றுகிறவன். ஆசிரியை சரியான ஆளைத்தான் பிடித்தார்.

பக்கத்து மலாய்ப்பள்ளி உடைகளை இரவலாகக் கொடுத்தது. சாட்டின் சட்டை, கால்சட்டை, அதற்கு மேல் இடுப்பில் சுற்ற சம்ப்பிங் என்னும், ஜரிகை நெய்த சொங்கேத் துணி. விரித்துப் பார்த்தேன். இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டியிருந்தது. இவ்வளவுதானா, ஜரிகை போட்ட கைலி என்று நினைத்தேன். என் அப்பா கைலி கட்டியவர், என் வீட்டுக்காரர் கைலி கட்டுகிறவர், கல்யாண வீடுகளில் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு நானே வேட்டி சரி செய்து விட்டிருக்கிறேன். எனக்கா இடுப்புத் துணி கட்டத் தெரியாது? பத்துப் பேருக்கும் நானே கட்டிவிடுகிறேன் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன்.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வருகிற மலாய்ப் பெண் ஒருவர் உண்டு. ஒரே லைனில் வேலை, ஒரே ஷிப்ட். அவரை நான் காக் என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா என்று அர்த்தம். விஷயத்தைக் கேட்டதும், "சனிக்கிழமை எனக்கு லீவுதான். வந்து கட்டிவிடட்டுமா? மூன்று பையன்களுக்குக் கட்டிய கை இது" என்றார் மலாயில். நான் வேண்டாம் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன், ஆனால் உள்ளே இருந்தது திமிர். எங்கள் பிள்ளைகளுக்கு உடை கட்டிவிட வெளியிலிருந்து ஆள் வந்தால் மற்ற அம்மாக்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாவட்டப் போட்டி சுங்கை பட்டாணியில் நடந்தது. பத்துப் பேருக்கும் கைலி கட்டுவது போலவே இழுத்து, மடித்து, முன்னால் சுருட்டிச் செருகிவிட்டேன். பார்க்க ராஜகுமாரர்கள் மாதிரி இருந்தார்கள். பருத்திக் கைலி உடம்பைப் பிடித்துக்கொள்ளும், விறைப்பான சொங்கேத் சாட்டின் மேல் நிற்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் தப்பித்தார்கள். நின்று ஆடிப் பாடிய என் மகனுக்கு இரண்டாவது அடியிலேயே முடிச்சு நெகிழ்ந்தது. மூன்றாவது அடியில் சம்ப்பிங் அப்படியே கணுக்காலில் விழுந்தது.

மண்டபமே சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், அவன் என் மகனாக இல்லாவிட்டால் நானும் சிரித்திருப்பேன். அவன் குனிந்து எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. காலைச் சுற்றிக் கிடந்த துணிக்குள் நின்றபடியே, பாடம் பண்ணியதை மட்டும் ஒரே குரலில் பாடி முடித்தான். சொந்தமாக இரண்டு வரி கட்டவில்லை. அப்படியும் எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. முதல் இரண்டு குழுக்களும் ஜித்ராவில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பிள்ளைகள் வேனில் கத்தித் தீர்த்தார்கள். என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அன்று சாயங்காலமே யாரோ அவன் துணி விழுந்த வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள், கீழே சிரிக்கும் முகங்களோடு. நான் நாலு வார்த்தை நறுக்கென்று எழுதிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினேன். இரண்டு நாள் கழித்து, பள்ளி அறிவிப்பு எதுவும் தெரியாமல், என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி நானே கேட்கவேண்டியதாயிற்று. அதற்கும் அவர்கள் ஒன்றும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல மனுஷிகள்தான்.

அடுத்த வாரம் பரிசளிப்பு விழா. மகன் வயிற்றுவலி என்றான். வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். டிக்கிர் பாராட் குழுவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒன்பது பேர் ஏறினார்கள். இவன் என் பக்கத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு முகம் சுட்டது. தலைமையாசிரியை ஒரு நிமிடம் எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு பத்தாவது பதக்கத்தைத் தன் மேசை மேல் வைத்துவிட்டு, "எங்க பிள்ளைங்க அடுத்த மாசம் ஜித்ராவுல பாடப் போறாங்க. எல்லாரும் கை தட்டுங்க" என்று மட்டும் சொன்னார். அவன் பெயரைச் சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

விழா முடிந்ததும் மலாய்மொழி ஆசிரியை என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "அவன் இனிமே பாடமாட்டேங்கிறான்மா. பத்துப் பேருக்குக் கொறஞ்சா குழுவை சேத்துக்கமாட்டாங்க. மேல் வகுப்புல வேற பிள்ள இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, இல்லன்னா பேரைத் திருப்பி எடுத்துக்கணும்."

வீட்டுக்கு வந்து, அரிசி களைந்துகொண்டே அவனிடம் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தப்பு உன்னோடது இல்லடா. அம்மாவோடது. பக்கத்து சீட்டு காக் வந்து கட்டிவிடறேன்னு சொன்னாங்க. நான்தான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி வேணாம்னுட்டேன்."

அவன் பள்ளிப் பையை மூடி ஓரமாக வைத்தான். பிறகு, "பாடுறேன்மா. மத்தவங்க பாவம்லா" என்றான். நான் திரும்புவதற்குள், "ஆனா நீங்க கட்டவேணாம். டீச்சர் கட்டட்டும்" என்றான்.

நியாயமான பேச்சு. அப்படியும் கேட்டதும் சுருக்கென்றது. பதினொரு வருடமாக அவனுக்குப் பொத்தான் போட்டுவிட்டதும் டை கட்டிவிட்டதும் நான்தான். ஒரே ஒரு முடிச்சில் அந்த வேலை என் கையைவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் பஸ்ஸில் காக்கிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கத்தான் செய்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மூத்தவனுக்கு ஹரி ராயா பெருநாள் அன்று சூராவ் பள்ளிவாசல் முன்னாலேயே விழுந்தது. இதற்குப் போய் வெட்கமா?" என்றார். அடுத்த நாள் இடைவேளையில் தொழிற்சாலையின் உடை மாற்றும் அறையில், வீட்டிலிருந்து தன் மகனுடைய சம்ப்பிங்கைக் கொண்டுவந்து என் வேலைச் சட்டைக்கு மேலேயே கட்டிக் காட்டினார். முதலில் துணியை இரண்டு பக்கமும் இழுத்து முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மடிக்க வேண்டும். அதன்மேல் ஒரு பெல்ட்டை இறுக்க வேண்டும். பிறகு மேல் ஓரத்தைப் பெல்ட் தெரியாமல் கீழே மடித்துச் சுருட்ட வேண்டும். "பெல்ட் இல்லாமல் சாமி மேல் பாரத்தைப் போட்டா கட்டினாய்?" என்று கேட்டார். லைனில் இருந்த பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் ஜரிகைத் துணியோடு அந்த அறையில் குதித்துக் காட்டினேன். விழவில்லை.

ஒரு வாரம் தினமும் இடைவேளையில் பாடம் நடந்தது. தன் சாப்பாட்டு நேரத்தை எனக்குக் கொடுத்தார் அவர். ஒரு நாளாவது அலுத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

வீட்டில் பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே. வீட்டுக்காரர் இரண்டு தடவை நின்றுவிட்டு ஓடிவிட்டார். கடைசியில் சமையலறைக் காஸ் சிலிண்டருக்குக் கட்டினேன். வீட்டுக்காரரின் பெல்ட்டைப் போட்டு இறுக்கி, மேலே சுருட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவன் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். சிலிண்டரைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினான். துணி அசையவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

ஜித்ராவுக்குப் பள்ளி பஸ்ஸில் போனோம். நான் லீவு எடுத்திருந்தேன். மேடைக்குப் பின்னால் ஒன்பது பேருக்கும் வரிசையாகக் கட்டிவிட்டேன், ஒவ்வொருவரையும் குதிக்க வைத்துச் சரிபார்த்தேன். என் மகனுக்கு மட்டும் ஆசிரியை துணியை எடுத்து விரித்தார். நான் வேறு பக்கம் திரும்பி, யாருடைய பொத்தானையோ சரி செய்வதுபோல நின்றேன்.

முதுகில் யாரோ தட்டினார்கள். மகன்தான். ஒரு கையில் சம்ப்பிங், இன்னொரு கையில் பெல்ட்.

"நீங்களே கட்டுங்கம்மா."

கட்டினேன். பெல்ட்டை ஒரு துளை கூடுதலாக இறுக்கினேன். "குதிடா" என்றேன். குதித்தான். "இன்னொரு தடவை." "போதும்மா, பேர் கூப்பிடறாங்க" என்று ஓடினான்.

அவர்கள் பாடிய அந்தப் பத்து நிமிடமும் நான் அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வலது பக்கம் சாய்ந்தால் நானும் சாய்ந்தேன். என்ன பாடினான், எப்படிப் பாடினான், ஒன்றும் காதில் ஏறவில்லை. நடுவில் மண்டபம் திடீரென்று சிரித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பாதி எழுந்துவிட்டேன். துணி இடுப்பில்தான் இருந்தது, அசையாமல். பிறகு ஏன் சிரித்தார்கள், ஏன் இவ்வளவு பெரிய கைத்தட்டல் என்று புரியாமலே உட்கார்ந்தேன்.

எங்களுக்கு இடம் எதுவும் கிடைக்கவில்லை. பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். பிள்ளைகள் பாதி வழிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு கச்சான் கடலைப் பொட்டலம் பிரித்ததும் சரியாகிவிட்டார்கள். குரூண் ஊரைத் தாண்டியிருப்போம், மழை பிடித்துக்கொண்டது. மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எப்படிம்மா பாடினேன்?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியலடா. நான் ஒன்னோட இடுப்பைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.

"அப்ப ரெண்டு வரி சொந்தமா கட்டினேனே, அது?"

"கேக்கல."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க மட்டும் கேக்கலையா?" என்று சொல்லிவிட்டு, எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஓடுகிற பஸ்ஸில் எனக்காகத் திரும்பப் பாடினான். மலாயில் பாடிய அந்த வரிகளைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: போன தடவை மேடையிலேயே என் துணி விழுந்தது. இந்தத் தடவையும் என் அம்மாதான் கட்டினார், இழுத்துப் பாருங்கள்.

பின்னால் இருந்த ஒன்பது பேரும் கைதட்டிப் பின்பாட்டுப் பிடித்தார்கள். அவன் இடுப்பில் அந்தச் சம்ப்பிங் இன்னும் இருந்தது. அவிழ்க்கும்படி, அவன் மேடையை விட்டு இறங்கியதிலிருந்து நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.