நூறு சதவீதம் கழித்துக்கட்டிய பிள்ளைகள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில், கொடியில் காயும் துணியில் இரும்புக் கம்பெனிகளின் கரி படிகிற ஊர் எங்களுடையது. நைனா அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். அம்மா நடவுக்கும் களைக்கும் போவாள். இருவருக்கும் கையெழுத்து மட்டும் போட வரும். நான் கணக்குப் பிரிவு எடுத்துப் படித்து, பிளஸ் டூவில் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதலாவதாக வந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். அடக்கம் தேவைப்பட்டவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அந்த வருஷம் என் தங்கை பத்தாவது எழுதியிருந்தாள். கணக்கில் ஐம்பது மார்க், அவ்வளவுதான். ஆனாலும் அவளுக்குக் கணக்குப் பிரிவுதான் வேண்டும். நான் படித்த புத்தகங்களுக்கு முன்கூட்டியே பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்துவிட்டாள். எங்கள் பள்ளியை விட்டால் பொன்னேரிக்கு ரயிலில் போய்ப் படிக்க வேண்டும். நைனாவுக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பெண்ணை ரயிலில் தனியாக அனுப்ப மாட்டேன் என்பதில் மட்டும் அவர் மாறவே மாட்டார். தனியார் பள்ளியைப் பற்றி எங்கள் வீட்டில் பேசியதே இல்லை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த இரண்டாம் நாள், பேப்பரில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளை எல்லாம் தேர்ச்சி சதவீதப்படி ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். உச்சியில் ஜி.என்.டி. சாலையோரத்து மெட்ரிக் பள்ளி, நூறு சதவீதம். எங்கள் பள்ளி அடியில். டீக்கடையில் அந்தப் பக்கம் மட்டும் கை மாறி மாறிக் கசங்கியது. அம்மாவுக்குச் சக்கரை வாங்கப் போன என்னை ஒருவர் மடக்கினார். எங்கள் தெருக்காரர்தான், லாரி ஓட்டுகிறவர்.

"இன்னாம்மா, ஃபர்ஸ்ட்டு வந்தியாமே? கடைசி ஸ்கூல்ல ஃபர்ஸ்ட்டா?"

கடையே சிரித்தது.

"அந்த மெட்ரிக்ல எத்தினி பேரு பரிச்ச எழுதனாங்கோன்னு போட்டுக்கீதா பாருண்ணா" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு? அதான் பர்சென்ட் போட்டுக்கீதே."

"எதுல பர்சென்ட்டு?"

அவர் பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் துணிக்கடை விளம்பரம் இருந்தது. "நூறுன்னா நூறுதாம்மா. உங்க ஸ்கூல்லு அதுகூட சொல்லித் தர்லியா?" என்றார். மறுபடியும் சிரிப்பு. எதில் நூறு என்று கேட்கத் தெரியாதவர்கள், கேட்கத் தெரிந்தவளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. சக்கரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நூறு எப்படி வந்தது என்பது அந்த டீக்கடையில் பாதிப் பேருக்குத் தெரியும். மெட்ரிக் பள்ளியில் பிளஸ் ஒன் இரண்டு செக்ஷனாக ஆரம்பிக்கும். வருஷக் கடைசியில் சில பெற்றோர்களை மட்டும் கூப்பிடுவார்கள். ஏசி அறையில் உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். பையன் ஃபெயில், ஆனால் நாங்கள் பாஸ் போட்டுவிடுகிறோம், டிசியை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்பார்கள். குழந்தையின் நன்மைக்காக என்று ஒரு வார்த்தையும் சேர்ப்பார்கள். கட்டிய பணத்தைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசமாட்டார்கள். பிளஸ் டூ வரும்போது இரண்டு செக்ஷன் ஒன்றாகியிருக்கும். அந்த ஒன்று பரீட்சை எழுதி நூறு சதவீதம் வாங்கும். மற்ற செக்ஷன் எங்கே போனது என்று கேட்டால், எங்கள் வகுப்பின் கடைசி இரண்டு பெஞ்சைப் பார்த்தால் போதும்.

அவர்கள் ஜூன் மாதத்தில் வருவார்கள். பாதிப் பேர் பழைய பள்ளியின் பெல்ட்டையே கட்டியிருப்பார்கள், வேறு பெல்ட் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள். முதல் வாரம் யாருடனும் பேசமாட்டார்கள். எங்கள் கணக்கு டீச்சர் அவர்களைத் திட்டியதில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஆரம்பித்து, சாயங்காலம் நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பார். சிலர் தேறினார்கள். சிலர் இருநூற்றுக்கு எழுபது என்ற பாஸ் மார்க்குக்கு ஒன்றிரண்டு குறைய நின்றார்கள். பேப்பர் கணக்கில், ஒன்றுமே எழுதாதவனும் அறுபத்தெட்டு வாங்கியவனும் ஒரே ஃபெயில்தான்.

ரிசல்ட்டை வெளியிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மார்க்கை ஊரே பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன். பள்ளியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேரை எழுத விட்டார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தால், ஒரு அங்குலம் கூடுதலாகப் பேப்பர் செலவாகியிருக்கும். அந்த ஒரு அங்குலம் துணிக்கடைக்குப் போனது.

அடுத்த வாரம் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் கூட்டினார்கள். திருவள்ளூரில் கல்வி அதிகாரிகள் நடத்திய மீட்டிங்கில் எங்கள் எச்.எம். சாரை எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்களாம். அந்த அவமானத்தை அவர் யார் தலையிலாவது இறக்கி வைத்தாக வேண்டும். கணக்குப் பிரிவை எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு அடிபட்டது. அதனால்தான் நானும் தங்கையும் போனோம். நைனா நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்து கதவோரம் நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது; உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கழகத் தலைவர் ஏரிப் பாசனத்தில் நல்ல நெல் நிலம் உள்ளவர். வெள்ளைச் சட்டைப் பையில் அந்தப் பேப்பரை மடித்து வைத்திருந்தார்.

"இன்னா சார் இது, மானம் போவுது" என்று எச்.எம்.மைப் பார்த்து ஆரம்பித்தார். "ரோட்ல போறவன்லாம் கேக்கறான். ஃபெயிலு ஃபுல்லா கணக்கு குரூப்லதான். அத்த மூடிடுங்கோ. அத்த எடுத்துட்டா பர்சென்ட்டு தன்னால ஏறும். ஏழப் புள்ளைங்களுக்கு எதுக்கு சார் கணக்கு? வரலாறு படிச்சா போதாதா?"

எச்.எம். தலையை ஆட்டினார். பின்னால் இருந்த பெற்றோர்களும் ஆட்டினார்கள். வயலில் ஒரு பக்கம் காற்றடித்தால் மொத்த நாற்றும் சாய்கிற மாதிரி. என் தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் எழுந்தேன். "தலைவரே, ஒண்ணு கேக்கலாமா?"

"நீ யாரும்மா? ஆங், ஃபர்ஸ்ட்டு வந்த பொண்ணா. சொல்லு, சொல்லு."

"உங்க சின்னப் பையன் எந்த ஸ்கூல்ல பிளஸ் ஒன் படிச்சான்?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவருடைய பெரிய மகன் மெட்ரிக் பள்ளியின் பழைய பேனரில் இருந்தவன். அதை அவர் ஊருக்கெல்லாம் சொல்லுவார். சின்ன மகன் அதே பள்ளியில் டிசி வாங்கிக்கொண்டு எங்கள் கடைசி பெஞ்சுக்கு வந்தவன். கணக்கில் எழுபதுக்குக் கொஞ்சம் குறைய நின்றவர்களில் அவனும் ஒருவன். நல்ல பையன். அப்பாவைப் போல இல்லை.

"அது இன்னாத்துக்கு இப்போ?" என்றார்.

"அவன் அங்கியே எழுதியிருந்தா அவங்களுக்கு நூறு வந்திருக்காது. இங்க வந்து எழுதனதால எங்களுக்குக் கொறஞ்சிடுச்சி. நீங்க அங்க கைதட்டிட்டு இங்க வந்து மானம் போவுதுன்றீங்கோ."

"ஏய், பெரியவங்ககிட்ட..." என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். மார்க்கெட்டில் மீன் விற்பவர். "எம்பொண்ணும் அங்கேர்ந்து வந்தவதான். பாஸ் போட்டுர்றேன், டிசி வாங்கிக்கோன்னாங்கோ. வூட்டுக்காரரு நகைய வெச்சிக் கட்டன ஃபீஸு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கம்முனு இருந்தோம்" என்றார். இன்னொருவர் எழுந்தார். பிறகு ஒரு அப்பா. வாயைத் திறக்காமல் வைத்திருந்த வெட்கத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் கொட்டினார்கள். தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பதினேழு வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

எச்.எம். சார் முகம் தெளிந்து எழுந்து நின்றார். "ரொம்ப நல்லது. இப்பதான் காரணம் தெரிஞ்சுது. அவங்க வேண்டாம்னு அனுப்பறதை நாம ஏன் வாங்கணும்? கணக்கு குரூப்பை மூட வேணாம். இனிமே பத்தாவதுல கணக்குல நூத்துக்கு எழுபதுக்குக் கீழ இருந்தா சேர்த்துக்க வேணாம். பிளஸ் ஒன்னுல சரியா வராதவங்களுக்கு நாமளும் டிசி குடுத்துடுவோம். ரெண்டே வருஷம். நாமளும் நூறு!"

கைதட்டினார்கள். தலைவர் முதலில் தட்டினார். மீன் விற்கும் அந்த அம்மாவும் தட்டினார். தன் பெண்ணைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியவர்களைப் பற்றி ஒரு நிமிஷத்துக்கு முன் அழுதவர், அடுத்த வீட்டுப் பெண்ணைத் தள்ளுவதற்குக் கைதட்டினார். கணக்கு டீச்சர் மட்டும் தட்டவில்லை. அதற்காக அவர் எழுந்து பேசவும் இல்லை. "நல்ல முடிவு, நல்ல முடிவு. ரிசல்ட்டுக்கு ஒரு பேனர் வெக்கிறோம் சார், அவங்களுதவிட பெருசா. செலவு என்னுது" என்றார் தலைவர்.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள்: "எனுக்கு எழுபது இல்லியேக்கா?"

"தெரியும்."

"நீ பேசாம இருந்திருந்தா மூடியிருப்பாங்கோ. பேசனதால மூடல. ஆனா எனுக்கு இல்ல. ரெண்டும் ஒண்ணுதானே?"

கணக்கில் ஐம்பதுதான் வாங்கினாள். ஆனால் அந்த அறையில் யாரும் போடாத கணக்கை அவள் போட்டுவிட்டாள்.

மறுநாள் எச்.எம். சார் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கணக்கு டீச்சரும் அறையில் இருந்தார். பேனருக்கு என் போட்டோ வேண்டுமாம். பெரிதாக நடுவில் போடுவார்களாம். இரண்டு பக்கமும் தலைவர், எச்.எம்., இன்னும் யார் யாரோ.

"பர்சென்ட் எவ்வளவுன்னு போடுவீங்களா சார்?"

"அதை எதுக்குப் போடறது? உன் மார்க்கைப் போடறோம்."

நூறு வந்தவர்கள் நூறைப் போட்டு மறைத்தார்கள். நூறு வராதவர்கள் என் முகத்தைப் போட்டு மறைக்கப் பார்த்தார்கள். நான் போட்டோவை எடுத்து நீட்டாததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"தங்கச்சி விஷயமா? அதை நான் பார்த்துக்கறேன். உனக்காக ஒரு சீட்டு. வெளியில மட்டும் சொல்லாதே."

"எனக்காக வேணாம் சார். எழுபதுன்றதை எடுத்துடுங்க, எல்லாருக்கும். பிளஸ் ஒன்னுல டிசியும் குடுக்கக்கூடாது. அப்ப போட்டோ தர்றேன்."

"ஒரு போட்டோவுக்கா இவ்வளவு?"

"பாஸ்போர்ட் சைஸ்தான் சார்."

கணக்கு டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எச்.எம். எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். கொஞ்சம் மார்க் வாங்கிவிட்டால் எல்லோருக்கும் வாய் வந்துவிடுகிறது என்றார். நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வராந்தா முடிவதற்குள் கூப்பிட்டுவிட்டார். தலைவர் பேனருக்குச் சொல்லிவிட்டார். நடுவில் வைக்க வேறு முகம் இல்லை. நியாயம் என்று சொன்னபோது அசையாதவர், நடுவில் காலியாக ஒரு வட்டம் இருக்கும் என்றதும் அசைந்துவிட்டார். இதுவரை நான் பார்த்த படித்தவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான்.

"சரி" என்றார். "பழையபடி எல்லாரையும் சேர்த்துக்கறோம். யாருக்கும் டிசி இல்லை."

"டீச்சர்கிட்ட சொல்லுங்க சார்."

"கேட்டுட்டுத்தானே இருக்காங்க!"

"அவங்களப் பாத்து சொல்லுங்க."

சொன்னார். டீச்சர், "சரிங்க சார்" என்றார். ரிசல்ட் வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் தைரியமான வார்த்தை அதுதான். நாளை எச்.எம். மறந்தாலும் கேட்பதற்கு ஒரு ஆள் உண்டு என்று அதை வைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் சேர்க்கையன்று நைனா லீவு போட்டு வந்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் மெட்ரிக் பெல்ட்டோடு இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் எச்.எம். கையெழுத்துப் போட்டார். எங்கள் முறை வந்தது. எச்.எம். தங்கையின் மார்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவளையே கேட்டார்.

"இந்த மார்க்கை வச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் கணக்குல எப்படிம்மா தாங்குவே?"

"நீங்க சொல்லிக் குடுங்க சார். நான் தாங்கிக்கிறேன்" என்றாள் தங்கை.

அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். நைனா கழுத்தை நீட்டி அந்தத் தாளையே பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"இன்னா எழுதறாரு? கணக்குதானே?"

"கணக்குதான் நைனா" என்றேன்.