பஸ்ஸுக்குப் போட்ட மெல்லிசு ஒயர்

நல்லம்மாளுக்கு அரைகுறை வேலையைக் கண்டால் குமட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குமட்டும். சுங்கைவேயில் ரேடியோத் தொழிற்சாலையில் பதினேழு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஈயம் சரியாகப் பிடிக்காத சாமானை எல்லாம் தூக்கி எறிந்தவள். 'ரிஜெக்ட் அக்கா' என்றுதான் அங்கே பெயர். தொண்ணூற்றெட்டில் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். அதே வருஷம் கம்போங் மேடானில் இருந்த பலகை வீட்டையும் உடைத்தார்கள். ஃபிளாட் தருகிறேன் என்ற டெவலப்பர் இதோ அதோ என்று இழுத்தடித்தான்.

புருஷன் ரெங்கசாமி இருபத்திரண்டு வருஷம் மினி பஸ் ஓட்டினவர். மினி பஸ்ஸையும் அந்த வருஷமே ரோட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். தான் ஓட்டின பஸ்ஸையே இரும்பு விலைக்கு வாங்கி, கிள்ளானில் நல்லம்மாளின் தாய்மாமன் நிலத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டாயிற்று, அடுப்பும் வைத்தாயிற்று. பத்து நாள் டெட்டால் ஊற்றிக் கழுவியும் வேர்வை வாடை போகவில்லை. கம்பியில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைக் கத்தியால் சுரண்டினாள். த்தூ, எத்தனை பேர் வாயில் கிடந்ததோ!

மின்சார ஆபீஸில் வீட்டு நம்பர் இல்லாமல் மீட்டர் கிடையாது என்றார்கள். பஸ்ஸுக்கு வீட்டு நம்பருக்கு எங்கே போவது? விளக்கு இல்லாவிட்டால் மெழுகுவத்தியில் ஓட்டிவிடலாம். ரெங்கசாமிக்கு இனிப்பு நீர். காலையும் மாலையும் இன்சுலின். இடது காலில் சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. தகரக் கூட்டுக்குள் மத்தியான வெயிலில் மருந்து வைத்தால் என்ன ஆகும்? மருந்து கெட்டால் அடுத்த விரலும் போகும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அதனால்தான் சோலார். பழைய சாமான் கடையில் இரண்டு சோலார் பலகை, இரண்டு லோரி பேட்டரி, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் குட்டி பிரிட்ஜ் எல்லாம் தேடிப் பிடித்தாள். ஒயர் போட ரெங்கசாமியின் பாலிய சிநேகிதன் தம்புசாமி வந்தான். கோயில் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டுகிறவன். வாயில் சிகரெட், காதில் பென்சில்.

"பேட்டரி பின்னால, பிரிட்ஜ் முன்னால. அவ்வளவு தூரத்துக்கு இந்த ஒயர் தாங்குமா அண்ணே? நூல் மாதிரி இருக்கே" என்றாள் நல்லம்மாள்.

"பன்னெண்டு வோல்ட்டு தங்கச்சி! கொசு கடிச்ச மாதிரி கூட இருக்காது. இதுக்குப் போய்த் தண்டி ஒயரா? நீ போய்த் தேத்தண்ணி கலக்கு லா."

ஒயரை முறுக்கி டேப் சுற்றினான். ஈயம் வைக்கவில்லை. முறுக்கின இடம் பெருச்சாளி கடித்துத் துப்பினது மாதிரி இருந்தது. அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. ரெங்கசாமியைப் பார்த்தாள். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"அவன் செஞ்சா சரியா இருக்கும்" என்றார்.

சரி, வண்டி ஓட்டின மனுசன், நம்மைவிட ஒயர் தெரிந்தவர் என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் புது வேலை கிடைத்திருந்தது. விடியுமுன் போய்ப் பொழுது சாயத் திரும்புவாள். வந்ததும் பிரிட்ஜைத் திறந்து கையை விடுவாள். சில்லென்று இருக்கும். ஊசியை அவரே போட்டுக்கொள்வார். ஒரு மாசம் இப்படிப் போனது.

அன்றைக்கு மெஷின் பழுதாகி மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸுக்குள் ஏறினாள். ரப்பர் கருகின வாடை. பிரிட்ஜ் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. திறந்தால் உள்ளே அனல். மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். பால் மாதிரி இருக்கவேண்டிய மருந்தில் திரிதிரியாக ஏதோ மிதந்தது. ஃபியூஸ் பெட்டியைப் பிடுங்கினாள். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாள்! முறுக்கின இடத்தில் டேப் உருகி வழிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ரெங்கசாமி கடையிலிருந்து வந்தார், கையில் ஒரு பை ஐஸ்.

நல்லம்மாளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. தினமும் நாலு மணிக்கு ஐஸ் வாங்கி உள்ளே அடைத்து, அவள் வரும் நேரத்துக்கு உருகின பையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்.

"எப்பலேர்ந்து ஓடல?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து. ஓடும், ஓடும், நின்னுடும். ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்துச்சு, தம்பு வந்து தாளைச் சுத்திட்டுப் போனான்."

"மெல்லிசு ஒயர்ல கரண்டு பத்தாம நிக்குது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் ரெங்கசாமி, தரையைப் பார்த்துக்கொண்டு. "பஸ் செஞ்சவன் ஸ்டார்ட்டருக்கே விரல் தண்டி கேபிள் போட்டிருக்கான். அதுவும் பேட்டரி கரண்டுதானே. அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

"காசு வாங்காம செஞ்சான். அவன் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அவன்கிட்டச் சொல்லாம உன்கிட்டச் சொன்னா நீ விடுவியா?"

சீ! தம்புசாமியின் வேலை அருவருப்பு என்றால் இது அதைவிட அருவருப்பு. தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். இங்கே தனமா இருக்கிறது நாசமாக? உடம்புதான் இருந்தது. கெட்ட மருந்தைத் தெரிந்தே தொடையில் ஏற்றியிருக்கிறார், ஒருத்தன் முகம் சுருங்கக் கூடாது என்று! அவரை அறையவேண்டும் போலவும், கட்டிப் பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஸ்பேனரை எடுத்தாள்.

இனி ஓடாத எஞ்சினிலிருந்து ஸ்டார்ட்டர் கேபிளைக் கழற்றினாள். பிரிட்ஜைப் பின்னால் தள்ளிப் பேட்டரி பக்கத்திலேயே வைத்தாள். அடுப்பில் இரும்பைக் காய்ச்சி, ஈயம் பாய்ச்சி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பற்றாகப் பார்த்தாள். புது ஃபியூஸ் வாங்கி மாட்டினாள். பிரிட்ஜ் நிற்காமல் ஓடியது. புது மருந்தும் வந்தது. ஆனால் மறுவாரம் கிளினிக்கில் சாக்ஸைக் கழற்றியபோது அடுத்த விரல் கறுத்திருந்தது. எடுத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டுத் தம்புசாமி ஆப்பிளோடு வந்தான். கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு, "இனிப்பு நீர் பொல்லாதுடா" என்றான். அப்புறம் மேலே பார்த்து, "லைட்டு, பிரிட்ஜ் எல்லாம் நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுதுடா" என்றார் ரெங்கசாமி.

"ஓடல அண்ணே" என்றாள் நல்லம்மாள். "நீங்க போட்ட ஒயர்ல ஒரு நாளும் உருப்படியா ஓடல. மருந்து கெட்டுப்போச்சு. உங்ககிட்டச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு அதையே ஊசி போட்டாரு. அதான் விரல் இல்ல."

தம்புசாமி வாயிலிருந்த சிகரெட்டை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு எழுந்து போனான்.

ரெங்கசாமி அதன் பிறகு அவளோடு பேசவில்லை. வாரம் ஒன்றாயிற்று. விடியுமுன் அவள் சில்லிட்ட குப்பியை எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, மருந்தை ஊசியில் ஏற்றுவாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். அவளும் ஒரு வார்த்தை பேசாமல் குத்துவாள்.