நண்டு அறுத்த வலை

நான் கோயம்புத்தூர்க்காரி. கடலை நிதானமாக நின்று பார்த்ததே கல்யாணமாகி கல்பாக்கம் குடியிருப்புக்கு வந்த பிறகுதான். அப்படிப்பட்டவள் கடப்பாக்கத்து மீனவப் பிள்ளைகளுக்குக் கடல் கதை சொல்லக் கிளம்பினேன் என்றால் என் துணிச்சலைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பஸ் பிடித்துப் போவேன். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் இருபது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். நட்பு, இரக்கம், அடுத்தவருக்கு ஒத்தாசை செய்வது, இதெல்லாம்தான் என் கதைகளின் சரக்கு. எல்லாம் நானே எழுதியவை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று சொன்னது நண்டு கதை. ஒரு குட்டி மீன் வலையில் மாட்டிக்கொள்கிறது. அதன் தோழனான நண்டு ஓடி வந்து, கொடுக்கால் வலையை நறுக்கு நறுக்கென்று அறுத்து மீனைக் காப்பாற்றுகிறது. எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் இதற்குக் கைதட்டி ஓயவே இல்லை. இங்கே ஒரு சத்தமும் கிளம்பவில்லை. சிலர் முன்னால் இருந்த ஒரு சிறுமியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது வயதிருக்கும். வாராவாரம் எனக்கு முன்பே வந்து பாய் விரித்து வைப்பவள் அவள்தான்.

"அந்த வலை யார் வூட்டுது மிஸ்?" என்று கேட்டாள்.

கதைக்கு அது முக்கியமில்லை என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கதை கேட்கக்கூடப் பொறுமை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. பாயை நானே விரித்தேன். மற்றவர்களை விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நான் அந்தக் கதையைச் சொன்னதற்கு இரண்டு நாள் முன்பு, நண்டுகள் சிக்கி அவள் வீட்டு வலையைக் கந்தலாக்கியிருக்கின்றன. அன்றிலிருந்து அவள் அப்பா கடலுக்கே போகவில்லை. நண்டு மாட்டினால் வலை போச்சு என்பது அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

"மிஸ் மீனுக்குத்தான் பாவம் பாக்குது, எங்க நைனாவுக்குப் பாக்கல," என்று அவள் சொன்னாளாம்.

கூனிக் குறுகிப் போனேன். இரக்கத்தைச் சொல்லிக்கொடுக்க இவ்வளவு தூரம் வந்தவள், எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையின் வீட்டு அடுப்பை மறந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நான் சாப்பிட்டது மீன் குழம்பு.

அன்றே கதை நேரம் முடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். அவளும் அம்மா அப்பாவும் மணலில் வலையைப் பரப்பி ஓட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காற்றில் வலை சுருண்டு சுருண்டு அவர்கள் வேலையைக் கெடுத்தது. ஒரு ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து அவளே வாய் திறந்து, தளர விடாமல் பிடிக்கச் சொன்னாள். வெயில் உச்சிக்கு வரும்வரை பிடித்தேன். தோள்பட்டை விட்டுப் போயிற்று.

கிளம்பும்போது அவள் அம்மா ஒரு கவரில் நாலு மீனைப் போட்டு நீட்டினார். வலையில்லாத வீடு என்று பக்கத்துப் படகுக்காரர் காலையில் கொடுத்துவிட்டுப் போன மீன் அது. வேண்டவே வேண்டாம் என்று கையைப் பின்னுக்கு இழுத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கை குடுத்தவங்களுக்குக் கொழம்புக்கு மீன் உண்டும்மா. வாணாம்னு சொல்லாத," என்றார்.

வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அந்தக் கவரை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட் அம்மாள் மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு போனபோது பாய் விரித்திருந்தது. வலை சரியாகி அவள் அப்பா கடலுக்குப் போய்விட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். எதற்கு வம்பு என்று அன்று முயல் கதையை எடுத்தேன். அவள் விடவில்லை. நண்டு கதை இன்னும் முடியவில்லை என்றாள். அப்படியானால் நீயே முடித்துவை என்றேன்.

எழுந்து நின்று சொன்னாள். மீன் தப்பித்துப் போய்விட்டது. நண்டு கரையைப் பார்த்தது. அங்கே ஒருவர் அறுந்த வலையோடு உட்கார்ந்திருந்தார். நண்டுக்கு மனசு கேட்கவில்லை. மெல்ல மணலில் ஏறி அவர் பக்கத்தில் போனது.

அங்கே நிறுத்தி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அதுக்குத் தைக்கத் தெரியாது. ஆனா ஓரத்த நல்லா டைட்டா புடிச்சிகினு உக்காந்துச்சு."