மேற்குச் சுவருக்கு ஒரு சட்டை

"நான் பூட்ட பொறவும் இந்தச் செவுரு நிக்கும்பா. உள்ள கீற கட்டைக்குச் சாவே கெடையாது!"

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தின் டீக்கடையில் பெஞ்சமின் மேஸ்திரி இந்த அறிவிப்பை வெளியிட்டபோது ஒருவரும் வடையைக் கீழே வைக்கவில்லை. ஊருக்கு விஞ்ஞான அறிவு போதாது என்று அவர் மன்னித்துவிட்டார்.

அவர் மனைவி பிரிஸ்கில்லா பக்கவாதத்தில் படுத்தவர். இருந்த ஒரே அறையில் மேற்குச் சுவரை ஒட்டித்தான் கட்டில் போட முடிந்தது. சித்திரை மாதப் பிற்பகலில் அந்தச் சுவரில் அப்பளம் ஒட்டினால் பொரிந்துவிடும். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக் கட்டட வேலையில், வெளிச்சுவர்மேல் தெர்மாகோல் அட்டை பதித்து, வலையடித்து, மேலே பூசி வெயிலைத் தடுப்பதை மேஸ்திரி பார்த்திருந்தார். அங்கே அட்டைகளைப் பிடிக்க அலுமினியச் சட்டம். மேஸ்திரி ஆராய்ந்து, மரச்சட்டமே மேல் என்று முடிவு கட்டினார். மரத்துக்காக, அதே மேற்குச் சுவருக்குக் கொஞ்சமாவது நிழல் தந்துகொண்டிருந்த வேப்பமரத்தை வெட்டினார்.

"நெழல வெட்டிப்புட்டு நெழல் கட்டுறியே மேஸ்திரி?" என்றார் எதிர்வீட்டு இருசப்பன்.

"வேப்பங்கட்டைய்யா. கரையான் மோந்து பாத்துட்டு ஓடிப்பூடும். உனுக்கு இன்னா தெரியும்?"

பச்சை மரம் காய நேரமில்லை. கத்திரி வெயில் நெருங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தை ஈரத்தோடே சுவரின் வெளிப்பக்கம் அடித்து, அட்டை வைத்துப் பூசினார். அந்தக் கோடையில் பிரிஸ்கில்லா பகலில் தூங்கினார். அதைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் முகத்தில் கலெக்டர் களை.

பூசிய சுவருக்குச் சில நாள் தண்ணீர் விடுவது கொத்து வேலை வழக்கம். ஈரம் பட்டதும் அறை இன்னும் குளிர்ந்ததால் மேஸ்திரி நிறுத்தவேயில்லை. தினமும் சாயங்காலம் குடம் குடமாக ஊற்றினார்.

"மாட்டுக்குக் காட்றாப்ல செவுத்துக்குத் தண்ணி காட்டிக்கினு கீறியே, எப்ப கன்னு போடும்?" என்றார் இருசப்பன்.

பூச்சில் முடியளவு விரிசல் கண்டது. அதன் வழியே தண்ணீர் உள்ளே போனது. வெளியேற வழியில்லை, அடியில் விட்டிருந்த இடைவெளியை, தேள் ஏறும் என்று சிமெண்டால் அடைத்தவரும் அவரே.

மறு வருஷம் பிரிஸ்கில்லாவுக்கு இருமல் வந்தது. மேஸ்திரி வைக்கோல் தூசியைக் குற்றம் சொன்னார், பக்கத்து வீட்டு ஊதுவத்தியைச் சொன்னார், பனியைச் சொன்னார். சுவரைத் தவிர எல்லாம் விசாரணைக்கு உட்பட்டன. கடைசியில் மகள் ஏஞ்சல் வந்து அம்மாவை ஏனாத்தூரில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். போன கொஞ்ச நாளிலேயே இருமல் நின்றது.

"ஏனாத்தூரு காத்து அப்படி," என்று மேஸ்திரி தீர்ப்பளித்தார்.

பிறகு பிரிஸ்கில்லாவே போன் செய்தார்.

"ஞாயித்துக்கெயம வந்துடறேன்யா. மருமவன் வூட்ல எத்தினி நாளு கெடக்கறது? நீ கட்டுன செவுத்தாண்ட படுத்தாத்தான் எனுக்குத் தூக்கம் வருது."

"இருமலு?"

"அது கெடக்குது. அந்த நாத்தம் எனுக்குப் பயகிப்போச்சி."

நாற்றம் என்று அந்த வாய் அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. சுவரோரம் படுத்து அத்தனை மாதமும் முகர்ந்தவர், மேஸ்திரி டீக்கடையில் பேசிய சுவர்ப் பெருமையை வீட்டில் வந்து சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

மேஸ்திரி "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், தாம் போட்ட பூச்சைத் தாமே பெயர்த்தார். அட்டைக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம். கரையான் ஒன்றுகூட இல்லை. அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். கட்டையில் கட்டை விரலை வைத்து லேசாக அழுத்தினார். ஊறிய ரொட்டியில் போவது போல் விரல் உள்ளே போனது.

சத்தம் கேட்டு வந்த இருசப்பன் வாயைத் திறந்தார். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கீழே விழுந்த காரைகளைப் பொறுக்கி ஓரமாகப் போட ஆரம்பித்தார்.

மேஸ்திரி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"ஞாயித்துக்கெயம வராதமே."

"ஏன்யா? இன்னா ஆச்சி?"

"கட்டை மக்கிப்போச்சிமே. ஒண்ணும் மிச்சமில்ல. நீ அங்கியே இரு."